ஓவர் என்ற சொல்

இன்று மாலை குற்றாலம் பஸ்ஸில், என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வரும் செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துபாயில் இருக்கும் கணவனிடம் போவதற்காகத்தான் இங்கிலீஷ் படிக்கிறாள்.

மேலகரம் தாண்டியதும் போனை நீட்டினாள்.

"டீச்சர், ஓவர்னா மேலன்னு சொன்னியளே. இது என்னது? எப்பவும் தமிழ்லதான் எழுதுவாவ."

கணவன் அனுப்பிய ஒரே வரி. 'இட் இஸ் ஓவர் பிட்வீன் அஸ்.'

மேலே ஏறி மறுபக்கம் கடந்து போவதையும் அந்தச் சொல் குறிக்கும், முடிந்துபோனது என்ற அர்த்தம் அதிலிருந்து வந்ததுதான் என்று வகுப்பில் பேசுவதுபோல் இழுத்தேன். பிறகு மெதுவாக, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எல்லாம் முடிஞ்சிட்டுன்னு சொல்லுதாரும்மா" என்றேன்.

போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அப்படித்தான் புரிஞ்சுது டீச்சர். வேற அர்த்தம் எதுவும் இருக்குமோன்னுதான் கேட்டேன்."

இறங்கும்போது, "நாளைக்கு கிளாஸ் உண்டுல்லா?" என்று கேட்டுவிட்டுச் சாரலில் நனைந்தபடி நடந்து போனாள்.

ஓவருக்கு நல்லதாக வேறு அர்த்தம் தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். நாளை வகுப்பில் அவளைப் பார்க்க வேண்டும்.