பெரியப்பா வெட்டாமல் விட்ட செடிகள்

எங்கள் பெரியப்பாவோடு வாதாடி வென்றவர் என்று குடும்பத்தில் ஒருவரும் இல்லை. ஒன்பது வயதில் நான் வென்றேன். அதை வெகுகாலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

ஊரில், இலங்கையில், போர் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்த பங்குனி அது. டென்மார்க்கின் வைலே நகரில், குன்றுச் சரிவில் அப்பா ஒரு கொலொனிஹேவ் எடுத்திருந்தார். சின்னக் குடில் ஒன்றோடு வாடகைக்குக் கிடைக்கும் தோட்டத் துண்டு. முன்பு அதை வைத்திருந்த டெனிஷ்காரக் கிழவி முழுக்கப் பூச்செடிகளாக நட்டிருந்தார். நாங்கள் எடுத்தபோது குளிர் தொடங்கிவிட்டதால் ஒரு பூவைக்கூடக் காணவில்லை. பனி கரைந்ததும் எஞ்சி நின்றவை காய்ந்த தண்டுகளும் நெற்றுகளும்தான். அப்பாவின் கண்ணுக்கு அவை குப்பை. டென்மார்க் வெயிலில் கத்தரியும் மிளகாயும் காய்க்கும் என்று முழுமனதாக நம்பிய மனிதர் அவர்.

எனக்கோ அதைப்போல் அழகு வேறெங்கும் இல்லை. பொப்பிக் காய்கள் தலையில் சின்ன முடி சூடி நின்றன. ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலத்தன. ஒரு செடியில் நெற்றின் தோல் உதிர்ந்து, நடுச் சவ்வு மட்டும் வெள்ளித் தகடாக நின்று வெளிச்சத்தை ஊடே விட்டது. காட்டுக் கரட்டின் பூக்குடைகள் உட்பக்கம் சுருண்டு, கைக்குள் அடங்கும் குருவிக்கூடுகள் ஆகியிருந்தன. எல்லாம் ஒரே மண்ணிறம் என்று அப்பா சொன்னார். நான் ஏழு நிறம் எண்ணி வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பெரியப்பா பக்கத்து நகரமான கோல்டிங்கிலிருந்து வேலி வெட்டும் பெரிய கத்தரிக்கோலோடு வந்து இறங்கினார். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்த அப்பா, கேத்திலைக் கொதிக்கவைக்கக் குடிலுக்குள் போனார். பெரியப்பா முதல் தண்டில் கத்தரிக்கோலை வைத்ததும் நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

“நை! வேண்டாம், வெட்டாதேங்கோ.”

“விலகு பிள்ளை. செத்த செடியை வைச்சு என்ன செய்யப் போறாய்?”

“தண்டுக்குள்ள பொறிவண்டு நித்திரை கொள்ளுது. ரீச்சர் சொன்னவ. குருவியளுக்கும் இதுதான் சாப்பாடு.”

“உங்கட ரீச்சரோ கத்தரி நடப்போறா?”

நான் அசையவில்லை. தமிழில் சொல் முடிந்ததும் டெனிஷில் தொடர்ந்தேன். அவர் சிரித்தபடி என்னைத் தூக்கி ஓரமாக வைத்தார். நான் திரும்பி வந்து நின்றேன். இரண்டாம் முறை தூக்கும்போது அவருடைய கைத்தொலைபேசி அடித்தது.

அவர் வேலியோரம் போய் நின்று பேசினார். “ஓம்” என்று மூன்று தரம் சொன்னார். “ஆர் கண்டது?” என்று ஒருதரம் கேட்டார். பிறகு தொலைபேசியைப் பைக்குள் போட மறந்து கையிலேயே வைத்திருந்தார். திரும்பி வந்தவர் கத்தரிக்கோலை நிலத்தில் வைத்துவிட்டு, கவிழ்த்திருந்த வாளியில் இருந்தார்.

“சரி, வெட்டேல்லை. இது என்னெண்டு சொல்லு.”

வென்றுவிட்டேன்! ஒவ்வொரு செடியாகக் காட்டிப் பெயர் சொன்னேன். தெரியாதவற்றுக்கு நானே பெயர் வைத்தேன். சொன்னதையே திரும்பவும் கேட்டார். நான் பொறுமையாகத் திரும்பவும் சொன்னேன்.

குடிலுக்குள்ளிருந்து அப்பா கூப்பிட்டார். “அண்ணை, தேத்தண்ணி ஆறுது.”

“வாறன். நீ குடி. பசியோட வந்தனி, பிஸ்கட்டையும் சாப்பிடு.” பிறகு என்னிடம் மெதுவாக, “குடிச்சு முடிச்சிட்டானோ, பாத்துக்கொண்டு வா” என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, மிளகாய்க் கன்றுகளை எந்த யன்னலில் வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். அவ்வளவு உற்சாகமாக அவரை அந்தக் குளிர்காலத்தில் நான் கண்டதில்லை.

“இன்னும் குடிக்கிறார்.”

“அப்ப மற்றச் செடியைச் சொல்லு.”

இப்படி இரண்டு தரம் அனுப்பினார். மூன்றாம் தரம், அப்பா கோப்பையைக் கழுவுகிறார் என்று சொன்னதும் எழுந்தார். பீப்பாய்த் தண்ணீரில் முகம் கழுவினார். குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் குரல் வெளியே கேட்டது. அதில் சொல் எதுவும் இல்லை.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு தம்பி இருந்தார், எனக்குச் சித்தப்பா. படத்தில் மட்டுமே நான் பார்த்தவர். போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்த அவரிடமிருந்து தை மாதத்துக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவர் ஷெல் பட்டு இறந்ததை அன்று பின்னேரம் அம்மாதான் எனக்குச் சொன்னார்.

அந்தச் செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டு பெரியப்பா என்னோடு அரை மணித்தியாலம் செடி பார்த்தது ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை. என் பேச்சில் மயங்கி அவருக்கும் செடிகளில் ஆசை வந்துவிட்டது என்று நம்பினேன். அடுத்த கிழமை நல்லதாகப் பார்த்து ஒரு கட்டு ஒடித்துக் கோல்டிங்கிற்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து பெயர்களைச் சொல்லத் தொடங்கினேன்.