பாதிரி வள்ளத்தில் நான் கட்டிய கயிறுகள்

பாதிரி வள்ளத்தை நினைத்தால் முதலில் என் கண்ணுக்குத் தெரிவது அதன் கயிறுகள்தான். வள்ளம் என்று ஊரில் சொன்னார்களே தவிர, அது கயாக். எங்கள் மிஷன் பங்களாவில் ஒரு காலத்தில் தங்கியிருந்த வெளிநாட்டு டாக்டர் ஒருவர் விட்டுப் போனது. ஒல்லியாக, மேலே மூடி, இரண்டு பேர் காலை நீட்டி உட்கார இரண்டு குழிகளோடு, விறகுப்புரையில் ஓலைக்கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்த போதகர்தான் அதைக் கண்டுபிடித்தார். அவருக்குத் தூண்டில் பைத்தியம். எனக்கு அந்த வயதில் எதைக் கண்டாலும் பைத்தியம். பி.எஸ்சி. படிப்பு, பாடகர் குழு, வாலிபர் சங்கச் செயலாளர் பதவி, இவ்வளவும் போதாமல் கை துறுதுறுத்துக்கொண்டே இருந்த காலம்.

தூண்டில் கம்பை மடியில் வைத்துக்கொண்டு துடுப்புப் போட முடியாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. போதகரின் நல்ல கம்பு ஒன்று அன்றைக்கே ஆற்றோடு போயிற்று. அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் பொறுப்பு முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். பின்குழிக்குப் பின்னால் இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் சாய்வாக நிறுத்தி, கம்புகளை அவற்றில் செருகி, பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இறுக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். துடுப்புக்கு ஒரு நைலான் கயிறு, தூண்டில் முள் பெட்டிக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று, மீன் கூடைக்கு ஒன்று, போதகரின் மூக்குக்கண்ணாடிக்குக்கூட ஒன்று. வள்ளம் தலைகீழாகக் கவிழ்ந்தாலும் ஒரு சாமான் போகக் கூடாது என்பது என் கொள்கை. போட்ட முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சும் போடுவேன். “எலே, நீ வள்ளத்தக் கெட்டுதியா, கள்ளனக் கெட்டுதியா?” என்று போதகர் சிரிப்பார்.

எங்கள் ஊர் பாறசாலைப் பக்கம். சபையின் பழைய ஜீப்பின் மேல் வள்ளத்தை ஏற்றி, ஒற்றசேகரமங்கலம் வரை போய் நெய்யாற்றில் இறக்குவோம். நெய்யாற்றின்கரையில் இறக்கினால் பாலத்தில் போகிற பஸ்களில் எங்கள் சபைக்காரர் ஒருவராவது எட்டிப் பார்ப்பார். மலையோரத்து வீடுகளைச் சந்திக்கப் போவதாகச் சொல்லித்தான் போதகர் கிளம்புவார். சந்திக்கவும் செய்வார், மீன் பிடித்து முடித்த பிறகு. முழங்கால் தெரிய நிக்கர் போட்டுக்கொண்டு போதகர் ஆற்றில் கிடப்பதை எங்கள் சபை தாங்காது. அதனால்தான் அவ்வளவு தூரம். எங்களைப்போலவே வேறு சிலருக்கும், தெரிந்த முகம் வராத ஓர் இடம் தேவைப்படும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அது ஒரு சனிக்கிழமை காலை. நான் முன்குழியில், போதகர் பின்குழியில். அவருடைய முதுகுக்குப் பின்னால் இரண்டு கம்புகளும் நிமிர்ந்து நிற்க, நூல்கள் பின்னால் நீரில் இழைந்து வந்துகொண்டிருந்தன. மூங்கில் புதர் மறைத்த ஒரு வளைவில் திரும்பியதும் எதிரே கரையோரமாக ஒரு கூட்டம். இடுப்பளவுத் தண்ணீரில் வெள்ளை உடுப்போடு ஓர் ஊழியர், வேறு ஏதோ சபையின் போதகர். சத்தமில்லாத ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். முழுக்கு ஞானஸ்நானம்.

எங்கள் சபையில் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்தே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். வளர்ந்தவர்களை ஆற்றில் முக்கி எடுப்பது வேறு சபைகளின் வழக்கம். எங்களில் ஒருவர் அங்கே போய் முழுக்கு எடுத்தால், அங்கத்தினர் வரிசையிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் வைக்கக்கூட ஆட்கள் யோசிப்பார்கள்.

போதகர் பதறித் துடுப்பை எதிராகப் போட்டார். வள்ளம் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்த நூல் ஒன்று வளைந்து போய், அப்போதுதான் நீரிலிருந்து எழுந்த ஒரு பெண்ணின் தோளில் கிடந்த வெள்ளைத் துணியில் முள்ளை மாட்டியது. அவள் திரும்பினாள். என் அம்மை.

நூலை அறுக்க வேண்டும். கத்தி என் கால்பக்கத்தில்தான் இருந்தது. போதகரிடம் நீட்டினால் பாதி தூரத்தில் கயிறு பிடித்து இழுத்தது. முடிச்சு அவிழவில்லை. குழாயிலிருந்து கம்பை உருவப் பார்த்தார், ட்யூப் நாடா விடவில்லை. அவர் தடுமாற, கண்ணாடி வேறு கயிற்றில் மார்பில் தொங்கி ஆடியது. இரண்டு பேரும் கட்டுண்டவர்களைப்போல உட்கார்ந்திருக்க, அந்த ஊழியர் நூலைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து வள்ளத்தை நிறுத்தினார். துணியிலிருந்து முள்ளை எடுத்து, நூலைச் சுற்றி, போதகர் கையில் கொடுத்தார். தூண்டிலோடு வந்த ஒரு போதகரைப் பார்த்துச் சொல்ல, ‘மனுஷரைப் பிடிக்கிறவர்கள்’ என்று வேதாகமத்தில் சுலபமான பகடி ஒன்று உண்டு. அது அங்கே எல்லோருக்கும் தோன்றியிருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை.

பேசியது அம்மைதான். நனைந்து, நடுங்கிக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில் நின்று சொன்னாள். “மக்கா, காலிலே கெடக்குத கயித்த அவுத்து விடு. வள்ளம் கவுந்தா சுத்திக்கிடும்.”

நான் தலையைத் தூக்கவில்லை. இறுகிக் கிடந்த முடிச்சு ஒன்றை இன்னும் இறுக்குவதுபோல விரலால் நோண்டிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெண் யாரோ ஒரு பையனிடம் சொன்னதுபோல அந்தப் பேச்சை என் மேல் போகவிட்டேன். போதகர் மட்டும் தெரியாமல் வந்துவிட்டோம், பொறுக்க வேண்டும் என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். வெகுதூரம் போன பிறகு, பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. “அந்தக் கயித்த அவுத்து விடு, தம்பி. அவிய சொன்னது செரியாக்கும்.”

சாயங்காலம் வீட்டில் அம்மை எதையும் மறைக்கவில்லை. அப்பா இறந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பனச்சமூட்டில் அத்தை வீட்டுக்கு என்று அவள் போனது ஒரு ஜெபக்கூட்டத்துக்கு. “நம்ம சபையிலே ஒண்ணு உரக்க அழுதா நாலு பேரு திரும்பிப் பாப்பாவ,” என்றாள். “அங்க எல்லாரும் அழுவாவ மக்கா.” அக்காவின் கல்யாணம் கழியட்டும், தானே போய்ப் போதகரிடம் சொல்லிவிடுவேன் என்றாள். அக்காவுக்கு அதியன்னூரில் மாப்பிள்ளை. அவர்கள் குடும்பம் சபைக் காரியத்தில் கறார். எங்கள் சபைக் கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். இந்த நேரத்தில் முழுக்குச் செய்தி வெளியே வந்தால் கல்யாணம் நின்றுபோகும். அதைப் பற்றியெல்லாம் பேசினாளே தவிர, ஆற்றில் நான் ஏன் முகத்தைக் காட்டவில்லை என்று அவள் கேட்கவேயில்லை.

அந்த வாரம் சபைக் கமிட்டி கூடியது. வாலிபர் சங்கத்துக்காக நானும் அதில் உண்டு. ஜீப்பை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனது நிஜமா என்று பொருளாளர் கேட்டார். நிஜம்தான், தப்பாகிவிட்டது, இனி வள்ளத்தைத் தொட மாட்டேன் என்று போதகர் எழுந்து நின்று சொன்னார். பொருளாளர் விடவில்லை. அங்கே முழுக்கு நடந்ததாமே, அதில் நம்ம ஆள் யாராவது உண்டா?

போதகர் கொஞ்சம் யோசித்தார். “நிக்கரும் போட்டு, தூண்டிலும் நட்டு வச்சிட்டு நடு ஆத்துல கெடந்தேன். அந்தக் கோலத்துல நான் யாரு மொகத்த நிமுந்து பாக்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நிக்கரின் நீளம் என்ன, கம்பு எத்தனை என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். பொய் சொல்லாமல், தன் மானத்தை எடுத்து என் அம்மைக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பின் நடுவில் அவர் நின்றார். அது அடங்கியதும் பொருளாளர் சாதாரணமாக என் பக்கம் திரும்பினார். “நீயும் உண்டும் இல்லியா மக்கா. நீ ஆரையாவது கண்டியா?”

“இல்ல” என்றேன். யோசிக்கவேண்டியிருக்கவில்லை. ஆற்றிலேயே சொல்லிப் பழகிவிட்டதுபோல அது வந்தது. அக்காவுக்காகச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே விளக்கியிருக்கிறேன். ஆனால் சொன்ன நிமிஷத்தில் அக்கா என் நினைவில் இல்லை. அத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்பதுதான் இருந்தது. போதகர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. அடுத்த வாரமே அம்மை சொன்னபடி போதகரிடம் போய், பேரை வெட்டச் சொல்லிவிட்டு வந்தாள். போதகரும் மாற்றலாகிப் போனார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மையைப் பனச்சமூடு பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் எங்கள் கோயிலுக்குப் போகிறேன். பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துவதும், அம்மைக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று கண்டக்டரிடம் சத்தமாகக் கேட்பதும் நான்தான். நிறுத்தத்தில் எங்கள் சபைக்காரர்கள் நிற்கிற நாட்களில் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே கேட்கிறேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

ஏனென்றால் கமிட்டிக்கும் கல்யாணத்துக்கும் நடுவே, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற ஒரு திருவிருந்து ஞாயிறு இருந்தது. பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும் என்பதால் அம்மையும் எழுந்து வந்தாள். வரிசையின் கடைசிக்கு முந்தின இடத்தில் அவள் முழங்கால் படியிட்டாள், கடைசியில் நான். போதகர் அப்பத்தட்டோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தார். அம்மைக்கு முன்னால் வந்து நின்றார். அம்மை கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் கோத்து வைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் தெரிகிற அளவில் தலையை அசைத்தாள். மறைத்த ஒன்றோடு வாங்கித் தின்ன அவளுக்கு மனம் வரவில்லை. அவர் எடுத்த அப்பத்தைத் தட்டில் திரும்ப வைத்து, அவள் தலைமேல் ஒரு நொடி கையை வைத்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்தது நான். நான் கையை நீட்டினேன்.