உப்புக்காற்று என்றுதான் நினைத்தோம்

தாழ்வுபாட்டுக் கடற்கரையில் நானும் அக்காவும் கருவாடு காயவைக்கிறோம். கடலுக்குப் போன அத்தான் திரும்பி வராததிலிருந்து அக்காவுக்கு உறக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்தார்கள்.

அதன்பிறகு, "வாய் காயுது தங்கச்சி" என்று அடிக்கடி சொல்வார். நாள் முழுக்க உப்பிலும் வெயிலிலும் நிற்கிற எங்களுக்கு அது புதினமாகப் படவில்லை. இனிப்பு ரொபி சூப்பினால் வாய் ஊறும் என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அக்கா அவற்றைத் துவாய் முனையில் முடிந்துவைத்து, ஒன்று கரைய இன்னொன்றை வாயில் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் பாண் துண்டைக் கடித்தபோது முன்பல் முறிந்து கையில் வந்தது. பார்த்தால், பக்கத்துப் பற்களும் முரசோரம், ஈறை ஒட்டி, கறுத்திருந்தன. அக்கா கண்ணாடி பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தார்.

பல் வைத்தியர் குளிசைகளை வாங்கிப் பார்த்தார். "இதைப் போட்டால் சிலருக்கு எச்சில் குறையும் அம்மா. எச்சில்தான் பல்லுக்குக் காவல். காஞ்ச வாயில எந்த நேரமும் இனிப்பு இருந்தால் பல் தாங்காது. குளிசையை நீங்களா நிப்பாட்டாதேங்கோ, கிளினிக்கில சொல்லுங்கோ."

மேல்வரிசை முன்பற்களைப் பிடுங்க வேண்டியதாயிற்று. "மனுசனே போயிட்டுது, பல்லுக்கு என்ன" என்றார் அக்கா.

இப்போது நான் ரொபி வாங்குவதில்லை. வேலைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய், இடைக்கிடை அக்காவை ஒரு மிடறு குடிக்கவைக்கிறேன். யார் புதுக் குளிசை தொடங்கினாலும், வாய் காய்கிறதா என்று கேட்கிறேன்.

கதைக்கும்போது அக்கா கையால் வாயை மூடிக்கொள்கிறார். சிரிக்கும்போதும் மூடுவாரோ தெரியாது. அத்தான் போனபிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.