கீபோர்ட் மூடியிருந்த வெள்ளிக்கிழமை

பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பியானோ வாசிப்பதுதான் என் தொழில். தனியாக வாசித்துக் கைதட்டு வாங்கும் ஆசை எனக்கு இருந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது. கொழும்பில் படித்த காலத்தோடு அது போய்விட்டது. இசைப் பரீட்சைக்கு வயலின் வாசிக்கும் பிள்ளைகள், கலியாணப் பூசையில் பாட ஆசைப்படும் மாப்பிள்ளையின் தங்கச்சிமார், கிறிஸ்மஸ் ஒளிவிழாப் பாடகர்கள் என்று எத்தனையோ பேருக்கு வாசித்துவிட்டேன். நன்றாக வந்தால் பாராட்டு அவர்களுக்கு. பிழை வந்தால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். பாடத் தெரியாதவர்களுக்கு நான்தான் அந்த மேடை.

கலியாணம் முடித்துக் கீரி என்ற இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தபின் பியானோவும் இல்லை. இந்த உப்புக்காற்றில் அதன் கம்பிகள் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பக்கத்து ஊரான தாழ்வுபாட்டில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் கீபோர்ட் வாசிக்கிறேன். அங்கே முதற்குரல் பாடுபவர் கடற்தொழில் செய்கிறவர், என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை ரீச்சர் என்பார். எந்தச் சுருதியில் தொடங்குவார் என்று அவருக்கே தெரியாது. நான் கட்டைகளைப் பார்ப்பதில்லை, அவருடைய தோளைத்தான் பார்ப்பேன். தோள் உயர்ந்தால் மூச்சு எடுக்கிறார், தொடங்கப் போகிறார் என்று அர்த்தம். பாதியில் சுருதி இறங்கினால் நானும் சத்தம் போடாமல் இறங்கிவிடுவேன்.

போன வருடம் அவருடைய கழுத்தில் கட்டி வந்து ஒப்பரேஷன் செய்தார்கள். குரல் திரும்பி வந்தது, ஆனால் மெலிந்து வந்தது. தவக்காலத்தில் மறுபடி பழக வந்தார்.

"அண்ணன், பாட்டுக்கு நடுவில இறங்கிப் போறியள்" என்றேன்.

"தெரியும் ரீச்சர். நீங்களும் பின்னால இறங்கி வாறியள்தானே."

"பெரிய வெள்ளிக்கு நான் அப்பிடிப் பின்னால வரேலாதே."

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் எங்கள் கோயிலில் மணியும் வாத்தியங்களும் ஓய்ந்துவிடும். மணிக்குப் பதிலாகப் பலகையைத் தட்டுவார்கள். கீபோர்டை ஊதாத் துணியால் மூடிவிடுவோம். சனிக்கிழமை உயிர்ப்புப் பூசையில்தான் மறுபடி திறப்போம். இடையில் வரும் வெள்ளிக்கிழமை, இறந்த மகனை மடியில் வைத்து மாதா அழும் ஒப்பாரியை அவர் ஒருவரே, துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் பாட வேண்டும். அவர் ஒரு வரி பாட, சனம் அதையே திருப்பிப் பாடும்.

பாதர் அவரிடம் பக்குவமாகத்தான் சொன்னார். "ஏலாட்டிப் பரவாயில்லை. முந்தி நீங்கள் பாடிப் பதிஞ்சது இருக்கு, அதைப் போடுவம்."

வெளியே வந்தபிறகு அண்ணன் என்னிடம் சொன்னார்: "என்ர குரலே எனக்குப் போட்டியோ? இந்த முறை பாடேலாட்டி நான் இனிப் பாட்டுக்கு வரமாட்டன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கீபோர்டில் மெல்லமாகச் சுருதி மட்டும் பிடித்துத் தருகிறேன், பாதரிடம் நான் கேட்கிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஆண்டவர் செத்துக் கிடக்கேக்க அதைத் திறக்கிறதோ, ரீச்சர்?"



வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயில் நிரம்பி வழிந்தது. மூடிய கீபோர்டுக்குப் பக்கத்தில், வேலை பறிபோனவள்போல என் கதிரையில் இருந்தேன். அவர் முதல் வரியைத் தொடங்கினார். சுருதியைப் பழகியதைவிட மேலே பிடித்துவிட்டார். வெளியே காட்டாவிட்டாலும் அவருக்கும் பதற்றம்தான். சனம் திருப்பிப் பாடியது. அடுத்தடுத்த வரிகளும் எப்படியோ போயின. மாதா "மகனே" என்று கூப்பிடும் இடம்தான் ஒப்பாரியிலேயே உயரமான இடம். அது நெருங்க நெருங்க என் விரல்கள் மடியில் சேலையை அழுத்திக்கொண்டிருந்தன.

தோள் உயர்ந்தது. "மக" என்பதோடு குரல் அறுந்தது.

கோயிலே அமைதியானது. பாட்டுத் தெரியாமல் அல்ல, அங்கே சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் முதற்குரல் பாடாத வரியைச் சனம் பாடாது. அதுதான் வழக்கம். எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் மறுபடி வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. பதிவைப் போடச் சொல்லப் பாதரின் கை மைக் பக்கம் போவதைக் கண்டேன்.

நான் பாடினேன். யோசித்துச் செய்யவில்லை. மற்றவர்கள் கேட்க நான் பாடியதே கிடையாது. என் குரல் எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி. அந்தக் குரலில், அவருக்கு எட்டும் அளவுக்குச் சுருதியை இறக்கி, "மகனே" என்றேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் திரும்பவில்லை. தோள் உயர்ந்தது. நான் விட்ட இடத்தில் பிடித்து அந்த வரியை முடித்தார். சனம் பின்னால் வந்தது. அடுத்த வரிகளில் அவருடைய குரலுக்குக் கீழே, அவருக்கு மட்டும் கேட்கும்படி முனகிக்கொண்டே போனேன். கடைசி வரிகளில் அந்த முனகலும் தேவைப்படவில்லை.

சிலுவையில் இருக்கும் பாடுபட்ட சுரூபத்தை முத்தமிடச் சனம் வரிசையில் நின்றபோது அவர் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"உங்கட குரலைக் கேக்கேலாது, ரீச்சர்."

"தெரியும்."

"அடுத்த வருசம் சுருதியை முதலிலயே இறக்கித் தொடங்குவம்."

நான் தலையை ஆட்டினேன்.