அக்லாயா வீட்டு வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

அக்லாயாவின் கணவர் ஹரலம்பியே செத்து நாலு வருஷம் ஆகிறது. அவருடைய பூட்ஸ் மட்டும் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அக்லாயா அதை உள்ளேயிருந்து எடுத்து வந்து வாசற்படியில் போடுவாள். மழை பெய்த நாளென்றால் தோட்டத்துச் சேற்றில் இரண்டு அழுத்து அழுத்திவிட்டு வைப்பாள். நேற்று கிடந்த மாதிரியே இன்றும் கிடக்கக் கூடாது என்பதில் குறியாக இருப்பாள். ஒரு நாள் இரண்டும் சேர்ந்து நிற்கும், ஒரு நாள் ஒன்று படிக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கும். சனிக்கிழமை கொடியில் ஓர் ஆண் சட்டை தொங்கும். பொழுது சாயும் நேரத்தில், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது, காலியாகக் கிடக்கும் கூடத்தைப் பார்த்துச் சத்தம் போடுவாள்.

“சாப்பாடு ஆறுது, வர்றியா இல்லையா?”

பைத்தியமில்லை, பயம். அக்லாயாவுக்கு அறுபத்தெட்டு வயது. அதில் இருபத்தாறு வருஷம் தெகூச் ஊரின் டப்பா உணவுத் தொழிற்சாலையில் தக்காளித் தோல் உரித்தாள். மேஸ்திரிக்குப் பயந்தாள், இடிக்குப் பயந்தாள், மேல்மாடிக்குப் போகும் லிஃப்டுக்குப் பயந்து நாலு மாடி படியேறினாள். பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள், ஆமாம் என்று ஒப்புக்கொள்வாள். லாரி ஓட்டிய ஹரலம்பியேவைக் கட்டிக்கொண்டதே அவருடைய இருமலுக்காகத்தான் என்று நான் நினைப்பதுண்டு. தெருமுனையில் அவர் இருமினால் இங்கே ஜன்னல் கண்ணாடி அதிரும். அவர் இருந்தவரை அந்த வீட்டு வாசல் கேட்டுக்குப் பூட்டே கிடையாது.

அவர் போன அடுத்த குளிர்காலத்தில்தான் தெருக்கோடி பரஸ்கேவா வீட்டில் அது நடந்தது. பட்டப்பகலில் கையில் ஃபைலோடு ஒருவன் வந்தான். எரிவாயு மீட்டர் பார்க்க வேண்டும் என்றான். மீட்டரைப் பார்த்தானோ இல்லையோ, மேசைமேல் ஒரே ஒரு தட்டு இருப்பதைப் பார்த்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கம்மலைப் பிடித்து இழுத்ததில் கிழவிக்கு ஒரு காது கிழிந்துபோயிற்று. இப்போது அவள் மகள் வீட்டில் இருக்கிறாள், அழைப்பு மணி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாளாம். இதைக் கேட்ட மறுநாள் காலையில்தான் ஹரலம்பியேவின் பூட்ஸ் முதன்முதலாக வாசலுக்கு வந்தது.

தெரு சும்மா இருக்குமா. கணவனைப் புதைத்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் ஆள் வைத்துக்கொண்டாள் என்றார்கள். ரயில்வேக்காரன் என்று யாரோ கிளப்பிவிட, அந்தப் பட்டமே நிலைத்துவிட்டது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சவேத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதிரியார்கூட ஆசி கொடுக்கும்போது ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்லாயாவுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மானம் போனால் போகட்டும், காது மிஞ்சட்டும் என்று இருந்துவிட்டாள்.

இந்த வருஷம் எரிவாயு விலை ஏறிய ஏற்றத்தில் கணப்பைக் காலையில் ஒரு மணி நேரம் எரிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். கட்டிலை அடுக்களைக்கு இழுத்துப் போட்டாள், கோட்டோடு படுத்தாள். மார்கழிக் கடைசியில் இடது காலில் இரண்டு விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ளாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நகராட்சியில் கணப்புச் செலவுக்கு அரசு உதவி கொடுக்கிறார்கள். தனியாக வாழ்கிறவர்களுக்குப் பில்லில் பாதிக்கு மேல் கழியும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவருடைய வருமானத்தையும் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் ஒன்றும் கிடையாது. அக்லாயா ‘தனியாக வாழ்பவர்’ என்ற கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். வீடு பார்க்க ஆள் வரும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வாசல் கேட்டுக்கு வெளியே கையில் ஃபைலோடு ஒரு பெண் நின்றாள். அக்லாயா ஜன்னல் வழியாகவே அவள் பெயரைக் கேட்டாள். நகராட்சிக்குப் போன் போட்டு, ஆமாம், கொரினா எங்கள் ஆள்தான் என்று அவர்கள் சொன்ன பிறகும், சோளக்கூழ் கிண்டும் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். குளிரில் மூக்கு சிவந்து நின்ற கொரினா கட்டையைப் பார்த்தாள், அப்புறம் கீழே பார்த்தாள். பூட்ஸில் சேறு ஈரமாக இருந்தது.

“வீட்ல வேற யாரும்மா இருக்காங்க?”

“யாரும் இல்ல.”

“அப்ப இது?”

கொரினா உள்ளே வந்து உட்கார்ந்தாள், குரலை உயர்த்தவில்லை.

“நான் தெருவுல விசாரிச்சிட்டுத்தாம்மா வர்றேன். எதிர்வீட்டுப் பெரியவர் அந்த ஆள்கிட்ட ஃபுட்பால் பத்திப் பேசினேன்னு சொல்றாரு. பக்கத்து வீட்டம்மா தினம் சண்டை கேக்குதுன்றாங்க. தனியா இருக்கேன்னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க. பொய்யின்னா இது போலீஸ் வரைக்கும் போகும்.”

போலீஸ் என்றதும் அக்லாயா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பூட்ஸ், சட்டை, கூடத்தைப் பார்த்துப் போடும் சத்தம், பரஸ்கேவாவின் காது. சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. கொரினா பேனாவை மூடினாள்.

“நான் நம்புறேன்மா. ஆனா நான் நம்பினா போதாது. நீங்க தனியாத்தான் இருக்கீங்கன்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். வியாழக்கிழமை மத்தியானத்தோட கடைசி.”

அதாவது, இந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்று தன் வாயாலேயே தெருவுக்குச் சொல்ல வேண்டும். புதன்கிழமை முழுக்க அக்லாயா அடுக்களையில் உட்கார்ந்து கால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் காது, சொல்லாவிட்டால் கால். எதைப் பற்றி அதிகம் பயப்படுவது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. வியாழக்கிழமை விடிந்தபோது மூன்றாவது விரலும் வெளுத்திருந்தது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

எதிர்வீட்டுக் கோஸ்தாக்கேவுக்கு எண்பது வயது. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது.

“என்னம்மா விளையாடுறியா? நான் என் கண்ணால பாத்தேன். தொப்பி போட்டிருந்தான்.”

“இல்லாத ஆளை எப்படிண்ணே பாத்தீங்க?”

“அப்படின்னா அந்தத் தொப்பி வேற யாரோடதோ,” என்று கிழவர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு கோட்டை மாட்டிக்கொண்டு சாராயக் கடைப் பக்கம் கிளம்பினார். அவர் எதற்குப் போகிறார் என்பது அக்லாயாவுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் பாதி ஊருக்குத் தெரிந்துவிடும்.

சவேத்தா கதவைப் பாதிதான் திறந்தாள்.

“என்னடி, நாலு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா? எங்க உன் ரயில்வேக்காரன்?”

“அப்படி ஒருத்தன் இல்லக்கா. இருந்ததே இல்ல.”

சவேத்தா சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தாள். அக்லாயா சொல்லிக்கொண்டே போகப் போக அந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“அதான் உன் குரல் மட்டும் கேக்குமா? நான் என்னமோ, நீ கத்துற கத்துல அந்தாளு அடங்கிப் போயிட்டான்னு நெனச்சேன்.”

“கையெழுத்துப் போடுக்கா. மத்தியானத்தோட கடைசி.”

சவேத்தா போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“உன்ன நான் திட்டாத திட்டில்லடி. ஆனா ஒண்ணு சொல்லட்டா? சுவருக்கு அந்தாண்ட ஒரு ஆம்பிளை இருக்கான், கத்தினா ஓடி வருவான்ற தைரியத்துலதான் நானும் இத்தன நாளாத் தூங்கினேன். எங்க வீட்லயும் யாருடி இருக்கா?”

சவேத்தாவின் கணவன் செத்துப் பத்தொன்பது வருஷம். இவ்வளவு நாளும் தன் பூட்ஸ் இரண்டு வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறது என்பது இப்போதுதான் அக்லாயாவுக்குத் தெரிந்தது. காகிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, திருடியவள் போலத் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை கொரினாவிடமிருந்து போன் வந்தது.

“கெடைச்சிடுச்சும்மா. இந்த மாசத்துலேர்ந்தே பில்லுல கழியும். நல்லா எரிங்க.”

அக்லாயா கட்டிலைக் கூடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தாள். கணப்பை முழுசாகத் திறந்துவிட்டாள். ஓடு பதித்த அந்தப் பழைய கணப்புக்குள் எரிவாயு புஸ்ஸென்று இரைந்து எரிந்தது. ஒரு மணி நேரத்தில் கோட்டைக் கழற்றினாள், அடுத்த அரை மணியில் காலுறையையும். விரல்களில் ரத்தம் ஏறி ஊசி குத்துகிற மாதிரி வலித்தது. அந்த வலி எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லி முடியாது.

ஐந்து மணிக்கு வெளிச்சம் போய்விட்டது. பூட்ஸ் அன்றைக்கும் வாசலில்தான் கிடந்தது, ஆனால் இனி அதை யார் நம்பப்போகிறார்கள். தெருவில் ஏதோ ஒரு கார் வந்து நின்ற மாதிரி இருந்தது. கேட்டுத் தாழ்ப்பாள் அசைந்ததா? அக்லாயா காதைத் தீட்டினாள். கணப்பு இரைகிற இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் திரையோரம் நின்றாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். கடைசியில் குனிந்து கணப்பின் குமிழைத் திருகி அணைத்துவிட்டாள். வீடு நிசப்தமாயிற்று. இப்போது கேட்டு அசைந்தால் கேட்கும். அவள் கோட்டை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, இருட்டத் தொடங்கிய கூடத்தில் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்தாள்.

கேட்டுப் பக்கம் ஒன்றுமில்லை. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சவேத்தாவின் குரல், கொஞ்சம் நடுங்கிக்கொண்டு, ஆனால் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

“சாப்பாடு ஆறுது, வர்றியா இல்லையா?”

அக்லாயா எழுந்து சுவரோரம் போய் நின்று, மூச்சை நிறைய இழுத்து, தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு, ஹரலம்பியே இருமுகிற மாதிரி ஒரு இருமல் இருமினாள்.

அந்தப் பக்கம் மேசைமேல் ஒரு தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு.