குப்புறப் படுத்த மகாலட்சுமி

படம் கைக்கு வந்ததும் பிரேமலதா அதைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். அதற்கு முன் மேசையில் வெளுத்த துண்டு ஒன்றை விரிப்பார். சாமி முகம் பலகையில் படக்கூடாது. "முருகா, ரெண்டு நிமிசம் பொறுத்துக்கிடும்" என்று ஒரு சமாதானமும் உண்டு. பிறகு பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கிப் பிடுங்கி உதட்டில் கவ்விக்கொள்வார். வந்தவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆணிகளுக்கு நடுவிலிருந்துதான் பதில் வரும்.

கோவில்பட்டியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவருடையது. ஒரு காலத்தில் காலண்டருக்கென்று கையால் வரைந்த சாமி படங்கள் இந்தப் பக்கத்துப் பூஜையறைகளில் இன்னும் தொங்குகின்றன. அதில் ஓவியர் தவசியின் கையெழுத்து இருந்துவிட்டால் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் வருகிறது. கார் வந்தால் போலியும் வரத்தானே செய்யும்? அசலா நகலா என்று கேட்க வாங்குகிறவரும் விற்கிறவரும் பிரேமலதாவிடம்தான் வருகிறார்கள்.

கையெழுத்தை அவர் கடைசியில்தான் பார்ப்பார். "கையெழுத்துப் போட எவனுக்குத்தான் கை இல்ல அண்ணாச்சி? அடியப் பாக்கணும்." காலண்டர் ஓவியர்கள் படத்தின் அடியில் நாலு விரல் இடத்தை வெறுமையாக விடுவார்கள், கடைப் பெயர் அச்சாக வேண்டிய இடம் அது. வீட்டுக்காரர்கள் அந்த வெள்ளை தெரியாமல் அட்டைப் பட்டி வைத்து மறைத்துச் சட்டம் போட்டுவிடுவார்கள். போலி வரைகிறவன் கண்டது சட்டத்துக்குள் தெரிகிற படத்தை மட்டும்தான். பாவம், அவன் விளிம்பு வரைக்கும் நிரப்பி வைத்திருப்பான்.

எப்போதும்வென்றானிலிருந்து வந்த ஒருவர், "எங்க ஊர்ப் பேருக்காவது நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா" என்று கெஞ்சிப் பார்த்தார். டீ கிடைத்தது. வார்த்தை கிடைக்கவில்லை.

போன மாதம் கடைக் கட்டடம் விலைக்கு வந்தது. கட்டடக்காரர் முத்துசெல்வம் வெளியாளுக்கு விற்றால் பிரேமலதா காலி செய்ய வேண்டியதுதான். "இந்தக் கடைய நாந்தான் வாங்குதேன், வேணும்னா எழுதி வச்சுக்கிடுங்க" என்று பக்கத்துக் கடைக்காரனான என்னிடம் சொன்னார். அதற்கான வழி அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. கல்யாணச் சீரோடு அப்பா கொடுத்த மகாலட்சுமி, தவசியின் கையெழுத்தோடு. மதுரை ஓட்டல்காரர் ராஜபாண்டி, பிரேமலதா சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டு காரோடு வந்துவிட்டார். நானும் அப்போது கடையில் இருந்தேன்.

"பிரிக்கவே வேணாம்க்கா. ஒங்க வார்த்தை போதும்" என்றார் ராஜபாண்டி.

"ஊரார் படத்தயெல்லாம் கழத்திப் பாத்தவ, எம் படத்தக் கழத்தாம குடுத்தா நல்லாவா இருக்கும்?"

துண்டு விரிந்தது. மகாலட்சுமி குப்புறப் படுத்தாள். ஆணிகள் உதட்டுக்குப் போயின. சட்டத்தைக் கழற்றிப் படத்தைத் திருப்பி, அடியிலிருந்த அட்டைப் பட்டியை பிரேமலதா மெல்ல உரித்தார். கீழே தண்ணீர், தாமரை இலை, ஒரு மீன்குஞ்சுகூட. விளிம்பு வரைக்கும் வெள்ளை என்பதே இல்லை.

பிரேமலதா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜபாண்டி வியாபாரி. சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "பட்டிய மறுபடி ஒட்டிருங்க. ஓட்டலுக்கு வர்றவன் கழத்தியா பாக்கப் போறான்? அசல்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, பேசின வெலையில ஒரு பைசா கொறைக்க மாட்டேன். நீங்க சொன்னா யாரு இல்லேம்பா?"

வெளியே ஒரு டவுன் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. பிரேமலதா ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"எங்கப்பாவ எவனோ நல்லா ஏமாத்திருக்கான்" என்றார். "கடைக்கு நான் வேற வழி பாத்துக்கிடுதேன் தம்பி."

துண்டின் மேல் மகாலட்சுமியை மறுபடி கவிழ்த்தார். பென்சில் முனையை நாக்கில் தொட்டு, படத்தின் முதுகில் 'நகல்' என்று பெரிதாக எழுதினார். அதன் கீழே, அழுத்தமாக, முழுப் பெயராகத் தன் கையெழுத்தைப் போட்டார்.