போஸ்டரில் இருந்த லயம்

மூன்று நாளாக ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, பதுளை தியேட்டருக்கு வரும் படத்துக்காகத் தோட்டம் தோட்டமாகக் கத்தினேன். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டக் கதை. ஹாலிஎலப் பக்கம் போனபோது தொண்டை கட்டிவிட்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பேசாமல் போஸ்டரை விரித்துப் பிடித்தேன். அதில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயம் ஒன்று பெரிதாக இருந்தது.

ஒரு அக்கா முதுகுக் கூடையை இறக்காமலே உற்றுப் பார்த்தார்.

"இது எந்த லயம் தம்பி?"

"செட்டுங்க. நூறு வருஷத்துக்கு முந்தி இருந்த மாதிரியே போட்டிருக்காங்க."

"கூரைத் தகரத்துல ஒரு ஓட்டையக் காணோமே?"

எனக்கு எரிச்சல் வந்தது. "அந்தக் காலத்துக் கதைங்க, அக்கா!"

"அதுவும் சரிதான்," என்றார். "எங்க தகரமும் அப்ப புதுசாத்தான் இருந்திருக்கும்."